பாதி மச்சம்

ஜூன் 4

கத்தரி அக்காவுக்கு,

நான்தான், உன் பூதக்கண்ணாடி. கடைசியில் நானேதான் முதலில் எழுதுகிறேன், பார்த்தாயா? நீ எழுதுவாய் என்று காத்திருந்தால் என் மகளின் கல்யாணப் பத்திரிகைதான் உனக்கு முதலில் வந்து சேரும்.

ஆமாம், மகள். பிறந்து ஒரு மாதம் ஆகிறது. இவர் உனக்குத் தகவல் அனுப்பினார். பதிலுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அச்சடித்த எழுத்துக்குக் கீழே உன் கையெழுத்து மட்டும், மருந்துச் சீட்டில் போடுவாயே, அதே கிறுக்கல். கோபம் இன்னும் தணியவில்லை என்று புரிந்துகொண்டேன்.

உன் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரசவ வலி என்று செக்யூரிட்டி ஆபீஸ் போனில் அலறி உன்னை வரவழைத்தேன். நீ கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, பஸ் மாறி பஸ் மாறி இந்த அணைக்கட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தபோது நான் கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாயுத் தொல்லை. நான் என்ன செய்ய? வலித்தபோது செத்தே போவேன் என்றுதான் தோன்றியது. ஆனால் என் மாமியார் முன்னாலும் இவர் முன்னாலும் நீ சொன்னாயே ஒரு வார்த்தை. "இவ எது சொன்னாலும் பாதியைக் கழிச்சிடுங்க. சின்ன வயசுலேருந்தே ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ பஸ் ஏறிய பிறகுதான் சுட்டது. நான் எதைச் சொன்னாலும் நீ வெட்டிவிடுவாய் என்றுதானே உனக்குக் கத்தரி என்று பேர் வைத்தேன்.

அதனால் இப்போதெல்லாம் நான் அளந்துதான் பேசுகிறேன். இந்தக் கடிதத்தைக்கூட அளந்துதான் எழுதுகிறேன், நீயே பார்.

விஷயம் இதுதான். வாண்டுவின் முகவாயில் ஒரு சிவப்பு மச்சம். பிறந்தபோது இல்லை. பத்து நாள் கழித்து, கொசு கடித்தது போல ஒரு தடம் தெரிந்தது. இப்போது நல்ல சிவப்பாகக் கொஞ்சம் மேலெழும்பி இருக்கிறது. சட்டைப் பொத்தானில் அரை அளவு. நீ நாள் முழுக்க இந்த மாதிரி மச்சங்களைத்தானே பார்க்கிறாய்? உன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வரி எழுது. எனக்குப் பயமெல்லாம் இல்லை. சும்மா கேட்டேன்.

உன் தங்கை


ஜூன் 12

பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதம் வந்தது. அட்டையில் ஒன்றும் எழுதாமல் விட்டது கோபத்தால் இல்லை. எழுத ஆரம்பித்தால் திட்டிவிடுவேன், பிள்ளை பெற்றவளைத் திட்டக் கூடாது என்றுதான். எப்படி இருக்கிறாள்? காது யாருடையது? நம் அப்பாவின் காதாக இருந்தால் பாவம், தொப்பி போடவே முடியாது.

மச்சத்துக்கு வருகிறேன். என் வேலை உனக்குச் சரியாகத் தெரியாது. பழைய எக்ஸ்ரே அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. கதவில் ஈயத் தகடு அடித்திருக்கிறது, அதைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. சின்ன ஊர் டாக்டர்கள் எல்லோரும் எங்கள் குழந்தைகள் தோல் பிரிவுக்குத்தான் எழுதுவார்கள்: 'சிவப்பு மச்சம், பார்த்துச் சொல்லவும்.' அந்தக் குவியல் என் மேஜைக்கு வரும். எந்தக் குழந்தை உடனே வரணும், எது காத்திருக்கலாம், எது வரவே வேண்டாம் என்று நான் பிரிக்கணும். எங்கள் பெரிய டாக்டர் முதல் நாளே சொன்னார்: "கதவை அகலத் திறந்தா சந்தைக் கூட்டம் வரும். இழுத்து மூடினா பொணம் வரும். எவ்வளவு திறக்கணுங்கறதுதான் உன் உத்தியோகம்."

வருவதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. பிடரியில் ஒரு சிவப்பு, புருவ நடுவில் ஒரு சிவப்பு, அழுதால் கூடும், தூங்கினால் குறையும். வேறு சில, உன் மகளுடையது போல, பிறந்த பிறகு முளைத்து, சில மாதம் வளர்ந்து, அப்புறம் வருஷக்கணக்கில் மெல்ல வெளுத்துச் சுருங்கும். தானாக வந்தது தானாகப் போகும்.

சிலவற்றை மட்டும் விடக் கூடாது. அவை எவை என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். நான் கல்லூரியில் படிக்கும்போது என் புத்தகத்தை எடுத்து வாசித்துவிட்டு ஒரே வாரத்தில் உனக்கு மஞ்சள் காமாலை, மூட்டுவாதம், இருதயக் கோளாறு எல்லாம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பட்டியலைக் கொடுத்தால் அடுத்த தபாலில் பட்டியலில் உள்ளதெல்லாம் உன் பிள்ளைக்கு வந்துவிடும். கொண்டுவர வேண்டாம். பார்த்துக்கொண்டிரு.

அக்கா


ஜூன் 20

அக்கா,

காது அப்பாவுடையதேதான். தொப்பி நிற்கவில்லை.

நீ சொன்னபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே பார்க்க வேறு என்ன இருக்கிறது? ஜன்னலைத் திறந்தால் எதிரே அணையின் சிமெண்ட் மதில். வானத்தைப் பார்க்கணும் என்றால் கழுத்தை ஒடித்துக்கொள்ளணும். மழை பிடித்தால் விடுவதில்லை. துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்குகிறது. ஒரு ஈரச் சேலையை விலக்கி, இன்னொன்றுக்குள் நுழைந்து, அடுப்படிக்குப் போகிறேன். மின்சாரம் எடுக்கிற இயந்திரம் ராப்பகலாக உறுமுகிறது. சுற்றிலும் முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட். அந்தக் கேட்டைத் தாண்டணும் என்றால் கம்பெனி வண்டி வேண்டும், வண்டிக்கு இன்சார்ஜ் கையெழுத்து வேண்டும், அவருக்கு டாக்டர் சொல்லணும். அனுமார் வால் மாதிரி நீள்கிறது.

டாக்டர் வாரம் ஒருமுறை வருவார், வயசானவர். வாண்டுவைக் காட்டினேன். அவர் சொன்னது: "உங்க அக்கா அந்தப் பிரிவுலயே இருக்காங்க. வேணாம்னு அவங்களே எழுதிட்டாங்க. நான் வேணும்னு எழுதினா, இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்க மாட்டாங்களா? அவங்க ஒரு வரி எழுதட்டும், அடுத்த நிமிஷம் நான் அனுப்பறேன்."

அத்தையிடம் சொன்னேன். அத்தை கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். பிள்ளையைத் தோளிலிருந்து இறக்குவதே கிடையாது. ஆனால் அவரும் என்ன சொல்கிறார் தெரியுமா? "உங்க அக்காவே சொல்லியிருக்காளே, பாதியைக் கழிக்கணும்னு. கழிச்சா என்ன மிஞ்சுது? ஒரு கொசுக்கடி. விடும்மா." இவரும் அதையேதான் சொல்கிறார். இந்த வீட்டில் நான் உப்புக் குறைகிறது என்றால்கூடப் பாதியைக் கழித்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

மச்சம் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று எட்டிப்பார்க்கிறது, மிளகு அளவு. ஒரு வரி எழுதேன் அக்கா. 'அனுப்பி வைக்கவும்' என்று இரண்டே சொல். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் அழுதால்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லையே.

உன் தங்கை


ஜூன் 28

அடியே,

உன் கடிதம் வந்த அன்று ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேல் இமையில் மச்சம். சின்னதுதான். 'தானாகப் போகும்' என்று யாரோ அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். இமை கனத்து மூடியே கிடந்ததில் அந்தக் கண் பார்க்கப் பழகவே இல்லை. இனி மச்சம் போனாலும் பார்வை முழுசாக வருமா, தெரியாது. அந்தத் தாய் என்னைப் பார்த்து, "முன்னாடியே வரலாம்னு யாராவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அலட்சியமாக எழுதுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. முகவாயில் ஒற்றைப் பொட்டு, பக்கத்தில் ஒரு மிளகு. அது அவசரமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் இங்கே வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரப் பிள்ளைகளாக வந்து நின்றன. பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்: "இது ஆஸ்பத்திரியா, உங்க வீட்டு விசேஷமா?" நான் இனி ஒருவரையும் அப்படி விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு முன்னால் இடம் கொடுத்தால் இன்னொன்று பின்னால் தள்ளப்படும். அந்தக் கண் குழந்தை மாதிரி ஒன்று தள்ளப்படும். என் தங்கை பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டு, நாளைக்கு யாரை வெளியே நிறுத்த எனக்கு வாய் வரும்?

ஒளிக்காமல் சொல்கிறேன், கோபிக்காதே. நீ அரைப் பொத்தான் என்றால் நான் கால் பொத்தான் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். மிளகு என்றால் கடுகு. உன்னை முப்பது வருஷமாகத் தெரியும் எனக்கு. உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. பிரியம் வேறு, கணக்கு வேறு.

பார்த்துக்கொண்டிரு.

அக்கா


ஜூலை 4

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அலுவல் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும். இனி மச்சத்தைப் பற்றித் தங்களுக்கு எழுத மாட்டேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மதகு திறந்திருப்பதால் இவருக்கு இரட்டை ஷிப்டு, வீட்டுக்கு வந்தால் சட்டையோடு தூங்குகிறார். கீழ்ப்பாலத்தின் மேல் தண்ணீர் போகிறதாம். செக்யூரிட்டி ஆபீஸ் போன் செத்துப்போய் ஐந்தாறு நாளாகிறது. தபால் பையை யாரோ தலையில் வைத்து நடந்து கொண்டுபோகிறார்கள், அதில்தான் இதுவும் வருகிறது. எங்கும் போக முடியாது. போகவும் யாரும் கூப்பிடவில்லை.

குழந்தை நலம். மழைக்குச் சளி பிடித்திருக்கிறது. மூக்கு ஒழுகவில்லை, ஆனால் குரல் கட்டிக்கொண்டது. முன்பு கணீரென்று அழுவாள், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். இப்போது அழுகை தகர டப்பாவைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சேவல் குஞ்சு மாதிரி ஒரு கூவல். அத்தை சொல்கிறார், "பாரேன், பாட்டுக்காரியா வருவா, இப்பவே சுருதி பிடிக்கறா." பால் குடிக்கும்போது நடுநடுவே விட்டுவிட்டு, களைத்துப்போய், மறுபடி குடிக்கிறாள். மூட்டை தூக்குகிறவர் படிக்கட்டில் நின்று நின்று ஏறுவது போல. மற்றபடி சமத்து.

இதெல்லாம் மச்சம் இல்லை என்பதால் எழுதினேன். தாங்கள் வழக்கம்போலப் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நோயாளி ஆகாத ஒருத்தியின் தாய்


ஜூலை 9, மலைக்குக் கீழே, பஸ் ஸ்டாண்டு

என் கண்ணே,

உன் கடிதத்தை நேற்று மேஜையில் உட்கார்ந்துதான் படித்தேன். 'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் சிரிப்புகூட வந்தது. கூவல் என்ற இடத்துக்கு வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இங்கே வந்தால் ரோடு சரிந்து கிடக்கிறது. மண்ணும் மரமுமாக வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, ஆளை விட மாட்டேன் என்கிறார்கள். போலீஸ்காரரிடம் கத்தினேன், கும்பிட்டேன், டாக்டர் என்று சொன்னேன். "யாரா இருந்தாலும் மண்ணுக்குத் தெரியாதும்மா" என்கிறார். அறுந்த கம்பியைப் பார்க்க டெலிபோன் லைன்மேன் ஒருவர் மட்டும் காட்டு வழியாக மேலே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். அவர் காத்திருப்பார், உடனே பதில் கொடுத்து அனுப்பு.

முதலில் கவனமாகக் கேள். அது சளியாக இல்லாமல் இருக்கலாம். இந்த மச்சம் தாடை, உதடு, கழுத்து என்று தாடி வளரும் இடத்தில் பரவியிருந்தால், அதே மாதிரி ஒன்று உள்ளே குரல்வளையிலும் வளரலாம். வெளியே வளர வளர உள்ளேயும் வளரும். மூச்சுப் போகிற வழி குறுகும். அந்தக் கூவல் பாட்டு இல்லை.

அவளை மல்லாக்கப் படுக்க வைக்காதே. தோளில் நிமிர்த்தியே வைத்துக்கொள். அழ விடாதே. வாய்க்குள் யாரும் விரலோ கரண்டியோ விடக் கூடாது. பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. உதடு நீலம் பாரித்தால், நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தால், ஒரு நொடி நிற்காதே. எப்படியாவது கீழே கொண்டுவா. டாக்டருக்கும் இன்சார்ஜுக்கும் தனித்தனியாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். 'அனுப்பியே ஆக வேண்டும்' என்று. நீ இரண்டு சொல் கேட்டாய், மூன்றாக எழுதியிருக்கிறேன்.

இப்போது நீ எனக்குப் பதில் சொல்லணும். இங்கே போஸ்ட் ஆபீஸ் போன் வேலை செய்கிறது. எங்கள் தொண்டை டாக்டரிடம் நான் சொல்லியாகணும். நேற்று பஸ்ஸில் வரும்போது எதிர் சீட்டுக்காரரின் சட்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அரைப் பொத்தான் என்று உலகத்தில் யாராவது அளப்பார்களா? பொத்தானில் ஏதுடி அரை? எவ்வளவு இருக்கிறது? எங்கெங்கே இருக்கிறது? கழிக்காமல் சொல். நான் இனி கழிக்க மாட்டேன்.

அக்கா


ஜூலை 9, சாயங்காலம்

அக்கா, அக்கா,

லைன்மேன் அண்ணன் வாசலில் நின்று டீ குடிக்கிறார். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துப் புரியாவிட்டால் மன்னித்துவிடு.

பாதிதான் எழுதினேன். முதல் கடிதத்திலிருந்தே. முழுப் பொத்தானை அரை என்றேன். முழுசாகச் சொன்னால் நீ பூதக்கண்ணாடி என்று தூக்கிப்போட்டுவிடுவாய், நானே பாதியாகச் சொன்னால் நம்புவாய் என்று நினைத்தேன். இரண்டாவது மச்சத்தை மிளகு என்றேன், அதுவும் பொத்தான்தான். மூன்றாவது, நான்காவதை எழுதவே இல்லை. எழுதினால் சிரிப்பாய் என்று பயம். இப்போது முகவாய் முழுக்கச் சிவப்பு. கீழுதட்டின் ஓரம் தடித்திருக்கிறது. இரண்டு பக்கத் தாடையிலும் காது வரைக்கும் திட்டுத் திட்டாக. கழுத்தில் ஒன்று. அத்தை அவளைக் கொஞ்சுவதே "தாடிக்காரி, என் தாடிக்காரி" என்றுதான். ஒரு மாதமாக இந்த வீட்டில் தினமும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம். அதை மட்டும் உனக்கு எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் அக்கா.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளையின் சட்டையை விலக்கிப் பார்த்தார். நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறது. நேற்றே இழுத்தது. நான் சொன்னேன், பாதியைக் கழித்தார்கள்.

டாக்டர் இந்த வாரம் வரவே இல்லை, ரோடு இல்லையே. இவர் மதகில் ஷிப்டில் இருக்கிறார். இன்சார்ஜ் உன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வண்டி எடுக்க மாட்டேன், வண்டியும் போய் ஆளும் போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். சரிவை அள்ளுவதற்குக் கல் லாரி ஒன்று கேட்டில் புறப்பட நின்றது. அத்தை செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அத்தை நகரவில்லை. "என் மருமக சொல்றது முழுசும் நெசம். பாதி இல்லே, முழுசும்! ஏத்திக்கிட்டுப் போ, இல்லே என் மேல ஏத்திட்டுப் போ!" செக்யூரிட்டி, இன்சார்ஜ், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்சார்ஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் காட்டினார்.

கீழ்ப்பாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டதாம்; ஆட்கள் ஏறி முடிக்கும் வரை லாரி நிற்கும், அதற்குள் இதை எழுதுகிறேன். லாரி சரிவு வரைக்கும்தான் போகும். அதற்கப்புறம் மண்மேல் கையோடு கை மாற்றி அவளைக் கொண்டுவருவதாக வேலைக்காரர்கள் சொல்கிறார்கள். லைன்மேன் அண்ணன் குறுக்கு வழியில் எங்களுக்கு முன்னால் வந்துவிடுவார். நீ சரிவுக்கு அந்தப் பக்கம் நில். எனக்கு உன் முகம் தெரியணும்.

கூவல் இப்போது மெலிந்துவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று எழுத உனக்கு நேரமில்லை. நாங்கள் வருகிறோம்.


ஜூலை 23

தங்கைக்கு,

வார்டு ஆயா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ இரண்டு மாடிக்கு மேலே இருக்கிறாய். இதற்கு ஒரு கடிதமா என்று ஆயா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அன்று சரிவில் கடைசி ஆளிடமிருந்து அவள் என் கைக்கு வந்தபோது உதடு எந்த நிறத்தில் இருந்தது என்று நீ பார்க்கவில்லை. நீ இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்தாய். நான் சொல்லவும் போவதில்லை. ஆம்புலன்ஸில் நீ என்னிடம் பேசவில்லை. தொண்டை டாக்டர் கழுத்தில் வழி போட்டுக் குழாய் வைத்த பிறகும் பேசவில்லை. அதற்கப்புறமும் வார்டுக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாய். மூன்றாம் தடவை மாடிப்படியின் நடுவிலேயே நின்று திரும்பிவிட்டேன். கீழே என் அறை, மேலே உன் முதுகு. இரண்டுக்கும் நடுவில் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன், போகிற வருகிறவர்கள் எல்லாம் 'என்ன டாக்டர்' என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நீ பாதியைச் சொன்னாய். நான் அதில் பாதியை எடுத்தேன். உன் பிள்ளைக்குக் கால் பங்குதான் மிஞ்சியது. ஜூன் மாதமே வந்திருந்தால் மருந்தோடு போயிருக்கும், இந்தக் குழாய் வேண்டியிருக்காது. இதை நீ வேறு யாரிடமாவது கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

இனி நான் நன்றாகப் பிரிப்பேன் என்று நினைக்காதே. போன வாரம் ஒரு டாக்டர் எழுதியிருந்தார்: 'மச்சம் சிறியது, தாய் மிகவும் பதற்றப்படுகிறார்.' முன்பெல்லாம் தாய் பதறுகிறாள் என்று படித்தாலே கீழே தள்ளுவேன். இந்தத் தடவை உடனே வரச் சொன்னேன். வந்தாள். பிடரியில் சாதாரணச் சிவப்பு, ஒன்றுமே இல்லை. அவளுக்காகத் தள்ளிவைத்த குழந்தையின் உதட்டு மச்சம் புண்ணாகி வந்தது. பெரிய டாக்டர் திட்டினார். சரியாகத்தான் திட்டினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். வேலையை விட்டுவிடலாம் என்றால், அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து இதையேதான் செய்வார்கள்.

திட்டவாவது செய். நீ பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

அக்கா


ஜூலை 25

கத்தரி,

நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தொட்டில் சுவர்ப் பக்கம் இருக்கிறது.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது மறுபடியும் பாதிப் பேச்சு. என்மேலும் இருக்கிறது. இரண்டையும் எடுத்துச் சண்டை போட எனக்கு இப்போது நேரமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மூச்சு இப்போது அவளுக்குக் கழுத்துக் குழாய் வழியாகப் போய் வருகிறது. தொண்டைக்குக் காற்று வருவதில்லை. அதனால் அவள் அழுதால் சத்தம் வராது. முதல் நாள் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பிள்ளை சமத்தாகத் தூங்குகிறாள் என்று நினைத்து ஒரு வாய் சோறு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முகமெல்லாம் ரத்தமாகச் சிவந்து, வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வழிய, கையையும் காலையும் உதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாகவோ. வார்டில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழாயில் சளி அடைத்தாலும் சத்தம் வராது, பார்த்தால்தான் தெரியும். நான் குளிக்கப் போனால் அத்தை பார்ப்பார். அத்தை கண்ணசந்தால் நான். மேலே அணைக்கட்டில் ஜன்னலுக்கு எதிரே மதில் என்று உன்னிடம் புலம்பினேனே, இங்கே ஜன்னல் பக்கம் திரும்பவே முடியாது. நீ பார்த்துக்கொண்டிரு என்று எழுதினாயே, அதைத்தான் செய்கிறேன்.

மருந்து வேலை செய்கிறதாம். முகவாயின் நடுவில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. உள்ளேயும் சுருங்கிய பிறகு குழாயை எடுப்பார்களாம். ஒரு வருஷமோ, கூடவோ. குரல் அப்போது திரும்பி வரும் என்கிறார்கள். முன்பு மாதிரி கணீரென்று வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

நேற்று சாயங்காலம் ஊசி போட்டார்கள், ரொம்ப நேரம் அழுதாள். எவ்வளவு பெரிய அழுகை என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். பாதியாகவும் எழுத வரவில்லை, முழுசாகவும் எழுத வரவில்லை. அதைக் காதால் கேட்க முடியாது, காகிதத்தில் படிக்கவும் முடியாது. நீ படியேறி வா. பக்கத்தில் உட்கார்ந்து, உன் கண்ணால் பார்.